வராத சரக்குக்கு வாய்ப்பந்தல்

கல்யாணத்துக்கு முன்பே பிள்ளைக்குப் பெயர் வைத்துத் தொட்டில் கட்டும் அவசரக்காரரை ஊரார் நகைப்பது பழைய வழக்கம். இன்றோ, உருவே பெறாத ஒரு சரக்குக்கு விலை குறித்து, ஆற்றலை அளந்து, 'முந்தையதைவிட நாற்பது விழுக்காடு வல்லது' என்று நற்சான்றிதழும் எழுதிக் கொடுக்கும் கூட்டம் பெருகிவிட்டது. அதனை நகைப்பாரைக் காணோம். மாறாக, அதற்குத் தொழில்நுட்ப அறிவு என்னும் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது. கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவிலும் சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்திலும் கண்ணாடிப் பேழைகளின் முன் நிற்கும் இளையரின் உரையாடலைச் சற்றே செவிமடுத்தால் உண்மை விளங்கும். பேழைக்குள் இருக்கும் பொருளைப் பற்றிய பேச்சு அங்கே குறைவு. அடுத்த ஆண்டு வரப்போவதைப் பற்றிய பேச்சே மிகுதி.

அப்பொருள், கணினிக்குள் பொருத்தப்படும் வரைகலை அட்டை. கடைத்தெருவில் அதனைக் கிராபிக்ஸ் கார்டு என்பர். கணினித் திரையில் தோன்றும் படம் புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 3,840 புள்ளிகளும் உயரத்தில் 2,160 புள்ளிகளும் கொண்ட திரையில் மொத்தம் 82,94,400 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு அறுபது முறை படம் மாற வேண்டுமானால், ஒவ்வொரு வினாடியிலும் ஏறத்தாழ ஐம்பது கோடிப் புள்ளிகளுக்கு நிறம் கணித்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான சிறு கணிப்பிகளை ஒருங்கே இயக்கி அவ்வேலையை முடிப்பதே இந்த அட்டையின் தொழில். விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுவது என்று இதனைத் தள்ளிவிடுவதும் தவறு. அசைவுப்படம் வரையவும், படத்தொகுப்புச் செய்யவும், செயற்கை நுண்ணறிவு பயிலவும் விரும்பும் மாணவனுக்கு, தச்சனுக்கு இழைப்புளி எப்படியோ அப்படி இந்த அட்டை. ஆதலால் அட்டையைப் பழித்துப் பயனில்லை. பழிக்கத்தக்கது, அது வருமுன் அதன் பெயரால் நடக்கும் வாய்ப்பந்தல்.

அந்த வாய்ப்பந்தல் எப்படிப் போடப்படுகிறது? புதிய அட்டை வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே முதற்கால் நடப்படும். எத்தனை கணிப்பிகள், எத்தனை கிகாபைட்டு நினைவகம், எத்தனை வாட்டு மின்சாரம் என்று ஒவ்வொன்றாகக் கசியும். பின்னர் விலை கசியும். விலையைப் பற்றிய வதந்தி பெரும்பாலும் உயர்ந்த தொகையிலேயே தொடங்கும். 'அவ்வளவா!' என்று வாங்குவோர் அங்கலாய்ப்பர். அங்கலாய்த்து அங்கலாய்த்தே அத்தொகைக்குப் பழகிவிடுவர். அறிவிப்பு நாளன்று அதைவிடச் சற்றுக் குறைந்த விலை சொல்லப்பட்டால் கைதட்டல் எழும். விற்பவர் ஒரு காசும் குறைக்கவில்லை. வாங்குபவர் தம் மனத்தில் தாமே ஏற்றிவைத்த தொகைதான் குறைந்தது.

2025 சனவரியில் என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 5080 அட்டைக்கு நேர்ந்தது இதுவே. விலை ஆயிரத்தைத் தாண்டும், ஆயிரத்து இருநூறையும் எட்டும் என்றெல்லாம் மாதக்கணக்கில் பேசப்பட்டது. 999 அமெரிக்க வெள்ளி என்று அறிவிப்பு வந்தபோது ஆரவாரம் எழுந்தது. ஓராண்டுக்கு முன், 2024 சனவரியில், அதே நிறுவனம் ஆர்.டி.எக்ஸ். 4080 சூப்பர் அட்டையை அதே 999 வெள்ளிக்குத்தான் விற்கத் தொடங்கியது என்பதை ஆரவாரம் செய்தோர் நினைத்துப் பார்த்தனரா? பழையதில் 10,240 கணிப்பிகள், புதியதில் 10,752. நினைவகம் இரண்டிலும் 16 கிகாபைட்டு. நடுநிலைச் சோதனைகளில் கூடுதல் வேகம் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஓராண்டு காத்திருப்புக்குக் கிடைத்த கூலி அவ்வளவே. (அட்டைகளுக்குச் 'சூப்பர்', 'டி.ஐ.' என்று அடைமொழி சேர்க்கும் முறை, சங்க ஆண்டு விழாக்களில் ஆளுக்கொரு பட்டம் வழங்கும் முறையை நினைவூட்டுகிறது. பட்டம் நீளுமே தவிர ஆள் அதே ஆள்.)

இந்த ஆரவாரத்தின் பின்னே ஏறிய ஏணியையும் பார்க்க வேண்டும். 2017 மார்ச்சில் அந்நிறுவனத்தின் உச்ச அட்டையாக வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. 699 அமெரிக்க வெள்ளி. 2018-இல் ஆர்.டி.எக்ஸ். 2080 டி.ஐ.க்கு 999 என்று சொல்லப்பட்டது; நிறுவனமே செய்து விற்ற பதிப்புக்கு 1,199. 2020-இல் 3090 வந்தது, விலை 1,499. 2022-இல் 4090, விலை 1,599. 2025-இல் 5090, விலை 1,999. எட்டாண்டுக்குள் ஏறத்தாழ மும்மடங்கு. ஆற்றலும் உயர்ந்தது என்பது மெய்யே. அதனை மறுப்பது நேர்மையன்று. ஆயினும், ஆற்றல் உயர உயர விலை தாழ்ந்தோ நிலைத்தோ நின்ற காலம் ஒன்று கணினித் துறைக்கு இருந்தது. அக்காலம் முடிந்துவிட்டது என்று நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் 2022 செப்டம்பரிலேயே வெளிப்படையாகக் கூறிவிட்டார். சில்லு செய்யும் செலவு ஏறிவிட்டது என்பது அவர் தரப்பு வாதம்.

அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. தைவானின் டி.எஸ்.எம்.சி. ஆலையில் நுண்ணிய முறையில் வார்க்கப்படும் சில்லுக்கான செலவு உயர்ந்தே இருக்கிறது. ஆனால், கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும். 2020 சனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருவாய் ஏறத்தாழ 1,092 கோடி அமெரிக்க வெள்ளி. அதில் பாதி விளையாட்டுத் துறையிலிருந்து வந்தது. 2025 சனவரியில் முடிந்த நிதியாண்டில் வருவாய் 13,050 கோடி. விளையாட்டுத் துறையின் பங்கு அதில் பத்தில் ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்களிலிருந்து வந்தது. மாணவனின் மேசைக்கு வரும் அட்டையும் அந்த நிலையங்களுக்குப் போகும் கருவியும் ஒரே ஆலையின் வாயிலில் வரிசையில் நிற்கின்றன. எது முதலில் அழைக்கப்படும் என்பதைச் சொல்லச் சோதிடர் வேண்டியதில்லை. இந்நிலையில், 'அடுத்த வரிசையில் விலை இறங்கும்' என்று நாள்தோறும் ஆருடம் கூறுவோர் எந்தக் கணக்கைக் கொண்டு கூறுகின்றனர்?

விலை இருக்கட்டும், ஆற்றல் பற்றிய பேச்சு அதனினும் மோசம். 2025 சனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் மேடையில், 549 வெள்ளி விலையுள்ள ஆர்.டி.எக்ஸ். 5070 அட்டை, 1,599 வெள்ளிக்கு விற்ற 4090-இன் ஆற்றலைத் தரும் என்று ஹுவாங் முழங்கினார். செயற்கை நுண்ணறிவின்றி இஃது இயலாது என்று அதே மூச்சில் அவர் சேர்த்துக்கொண்டதைக் கேட்டோர் பலர் காதில் வாங்கவில்லை. மூன்றில் ஒரு பங்கு விலைக்கு முழு ஆற்றல் என்றால் யாருக்குத்தான் நாவூறாது! ஆனால், 4090-இல் இருப்பவை 16,384 கணிப்பிகள், 24 கிகாபைட்டு நினைவகம். 5070-இல் இருப்பவை 6,144 கணிப்பிகள், 12 கிகாபைட்டு நினைவகம். இவ்விரண்டும் எவ்வாறு சமமாயின?

மேடையில் காட்டப்பட்டது வேறொரு கணக்கு. புதிய அட்டை ஒரு படத்தை முறையாக வரைந்துவிட்டு, அடுத்த மூன்று படங்களைச் செயற்கை நுண்ணறிவால் ஊகித்து இடையில் செருகும். வினாடிக்கு முப்பது படம் வரைந்தால் திரையில் நூற்றிருபது தோன்றும். கண்ணுக்கு அது மென்மையாக இருக்கும் என்பதை ஒப்பலாம். ஆயின், விளையாடுபவன் விசையை அழுத்தியதும் கணினி மறுமொழி கூறும் விரைவு அந்த முப்பதைச் சார்ந்ததே. ஊகப் படங்களால் அது கூடாது, சற்றுக் குறையவும் செய்யும். நாலு கேள்விகளுள் ஒன்றுக்கு விடை எழுதி, ஏனைய மூன்றுக்கும் பக்கத்து விடையைப் பார்த்து இட்டு நிரப்பிய மாணவனுக்கு எந்தப் பள்ளியில் முழு மதிப்பெண் இடுவர்? கடைக்கு வந்த பின், ஊகப் படங்களை நீக்கி நடுநிலையாளர் அளந்தபோது, 5070 நின்ற இடம் 4070 சூப்பருக்கு அருகில். 4090 எங்கோ முன்னே போய்க்கொண்டிருந்தது.

ஊகிக்கவே கூடாது என்பது வாதமன்று. கணக்குப் போட்டு ஊகிக்கலாம். அதற்குப் பள்ளிக் கணிதமே போதும். ஆறாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய பெருக்கல் ஒன்று உண்டு. அட்டையின் நினைவகப் பாதை எத்தனை பிட்டு அகலம், ஒவ்வொரு கம்பியிலும் வினாடிக்கு எத்தனை கிகாபிட்டு ஓடுகிறது என்பவற்றைப் பெருக்கி எட்டால் வகுத்தால், வினாடிக்கு எத்தனை கிகாபைட்டுத் தரவு பாயும் என்பது கிடைக்கும். 2020 டிசம்பரில் 399 வெள்ளிக்கு வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 டி.ஐ.யில் பாதை 256 பிட்டு, வேகம் 14. 256-ஐ 14-ஆல் பெருக்கி எட்டால் வகுக்க 448. 2023 மே மாதத்தில் அதே 399 வெள்ளிக்கு வந்த 4060 டி.ஐ.யில் பாதை 128 பிட்டு, வேகம் 18. கணக்கிட்டால் 288. இரண்டரை ஆண்டு கழித்து வந்த தம்பியின் குழாய் அண்ணனின் குழாயைவிட ஒடுங்கிவிட்டது! இடைச்சேமிப்பு நினைவகத்தை 4 மெகாபைட்டிலிருந்து 32 மெகாபைட்டாகப் பெருக்கி அதனை ஈடுகட்டியதாக நிறுவனம் கூறியது. ஈடுகட்டவும் செய்தது; ஆனால் முந்திச் செல்லவில்லை. அளந்தபோது கிட்டிய முன்னேற்றம் பத்து விழுக்காட்டை ஒட்டியது. திரை பெரிதாகப் பெரிதாக அதுவும் தேய்ந்தது. பெட்டிமேல் எழுதிய எண்களை ஒரு தாளில் குறித்துப் பெருக்கிப் பார்த்தவன் ஏமாறவில்லை; ஆர்.டி.எக்ஸ். 40 என்னும் வரிசைப் பெயரைக் கண்டு மயங்கியவன் ஏமாந்தான்.

பெட்டிமேல் எழுதியதும் எப்போதும் வேதவாக்கன்று. 2014 செப்டம்பரில் 329 வெள்ளிக்கு வந்த ஜி.டி.எக்ஸ். 970 அட்டையில் 4 கிகாபைட்டு நினைவகம் என்று சொல்லப்பட்டது. அதில் கடைசி அரைக் கிகாபைட்டு ஏனையதைவிட மிக மெதுவாக இயங்குவது என்பது 2015 சனவரியில்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்கு நடந்தது, 2016-இல் அமெரிக்காவில் வாங்கியோர்க்கு ஆளுக்கு 30 வெள்ளி என்று முடிந்தது. 2022-இல் மற்றொரு வேடிக்கை. ஆர்.டி.எக்ஸ். 4080 என்னும் ஒரே பெயரில் இரண்டு அட்டைகள் அறிவிக்கப்பட்டன. ஒன்றில் 16 கிகாபைட்டு, மற்றதில் 12. நினைவகம் மட்டுந்தான் வேறு என்று எண்ணுவது இயல்பு. ஆனால், முன்னதில் 9,728 கணிப்பிகள், பின்னதில் 7,680; உள்ளிருக்கும் சில்லே வேறு. கண்டனம் பெருகவே, அக்டோபர் 14 அன்று சிறியது திரும்பப் பெறப்பட்டது. சில மாதங்களில் 4070 டி.ஐ. என்னும் புதுப்பெயரில், 899 வெள்ளியாக இருந்தது 799 வெள்ளியாகி, அதுவே கடைக்கு வந்தது. வாங்குவோர் கண்டித்தால் விலை இறங்கும் என்பதற்கு இது சான்று. ஆனால், அக்கண்டனம் அச்சிட்ட எண்களைப் படித்து எழுந்ததேயன்றி வதந்தியிலிருந்து எழுந்ததன்று.

'பொறுத்திருந்து வாங்குவது சிக்கனம். அடுத்தது என்ன விலை என்று அறிந்துகொள்வதில் என்ன குற்றம்?' என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. அதற்கு 2020-ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று, 499 வெள்ளிக்கு வரவிருக்கும் ஆர்.டி.எக்ஸ். 3070, ஆயிரத்துக்கும் மேல் விற்ற 2080 டி.ஐ.யைவிட வேகமானது என்று அறிவிக்கப்பட்டது. அச்செய்தியை நம்பி, தம்மிடமிருந்த 2080 டி.ஐ. இனிச் செல்லாக்காசு என்று அஞ்சி, ஐந்நூறு வெள்ளி அளவுக்கு அதனைத் தள்ளிவிட்டோர் பலர். பிறகு நடந்தது என்ன? செப்டம்பர் 17 அன்று விற்பனைக்கு வந்த 3080, வந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்தது. பதுக்கி விற்போர் ஒருபுறம், இணைய நாணயம் தோண்டுவோர் மறுபுறம் என்று சரக்கை வாரிச் சென்றனர். 699 வெள்ளி என்று அறிவித்த 3080, மறுவிற்பனையில் இரு மடங்குக்கும் மேல் போயிற்று. கையிலிருந்ததை விற்றவர்கள் வெறுங்கையோடு நின்றனர். 3070 வந்தபோதோ, அது 2080 டி.ஐ.யை முந்தவில்லை, ஒட்டியே ஓடியது. நினைவகத்திலோ 11 கிகாபைட்டுக்குப் பதில் 8 மட்டுமே. இதுவா சிக்கனம்?

இன்னொன்றும் உண்டு. கணிப்பிகளின் எண்ணிக்கை முன்கூட்டியே கசிவதில் வியப்பில்லை; சில்லு வார்க்கப்பட்ட பின் அது மாறாது. விலையோ விற்பவன் நாவில் கடைசி நொடிவரை இருப்பது. 2019-இல் ஏ.எம்.டி. நிறுவனம் ரேடியான் ஆர்.எக்ஸ். 5700 எக்ஸ்.டி. அட்டைக்கு 449 வெள்ளி என்று சூன் மாதத்தில் மேடையிலேயே அறிவித்தது. சூலை 7 அன்று விற்பனை. அதற்கு இரண்டே நாள் முன்னர் விலை 399 ஆயிற்று. போட்டியாளரை மயக்க வகுத்த பொறியே அது என்னும் பொருள்பட அந்நிறுவனத்தின் பொறுப்பாளரே பின்னர்ப் பெருமை பேசினார். நிறுவனமே உலகறியச் சொன்ன விலை விற்பனை நாள்வரைகூட நிலைக்கவில்லையெனில், எவரோ எங்கோ கேட்டதாகச் சொல்லும் விலைக்கு என்ன மதிப்பு? 2025 மார்ச்சில் அதே நிறுவனத்தின் 9070 எக்ஸ்.டி. 599 வெள்ளிக்கு வந்தபோது பாராட்டு மழை பொழிந்தது. முதற்சரக்கு தீர்ந்ததும் அவ்விலைக்கு அது கிடைப்பது அரிதாயிற்று.

இவ்வளவும் அமெரிக்க வெள்ளிக் கணக்கு. அங்கே சொல்லப்படும் விலையில் வரி சேராது. சிங்கப்பூரில் 2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. மலேசியாவில் வாங்குவோர்க்கு நாணய மாற்று வேறு. 2024 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க வெள்ளிக்கு 4.80 ரிங்கிட் அளவுக்கு நாணயம் இறங்கியது. 2025-இன் பிற்பகுதியில் 4.20 அளவில் நின்றது. 999 வெள்ளி அட்டையொன்றை முன்னதால் பெருக்கினால் 4,795 ரிங்கிட். பின்னதால் பெருக்கினால் 4,196. வேறுபாடு அறுநூறு ரிங்கிட். இறக்குமதியாளர் இலாபம், கடைக்காரர் இலாபம் இதில் சேரவில்லை. கலிபோர்னியாவில் எவரோ முணுமுணுத்த ஐம்பது வெள்ளிக் குறைப்பை எண்ணி மாதக்கணக்கில் காத்திருக்கும் இளையருக்கு, நாணயச் சந்தையின் ஓர் அசைவு அதனை மும்மடங்காக விழுங்கிவிடும் என்பது தெரிவதில்லை.

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மகனின் படிப்புக்கென்று மிகைநேர வேலை செய்து பணம் சேர்த்த தந்தை கடைவாயிலில் நிற்கிறார். 'இப்போது வேண்டாம், அப்பா. மூன்று மாதத்தில் புதியது வருகிறதாம்' என்கிறான் மகன். மூன்று மாதம் ஆறாகிறது. ஆறு மாதம் ஓராண்டாகிறது. அசைவுப்படக் கலை பயில வேண்டிய ஓராண்டு, அட்டையின் பெயரைப் பயில்வதில் கழிகிறது. எந்த அட்டையில் எத்தனை கணிப்பி என்பது அவனுக்கு மனப்பாடம். அவற்றைக் கொண்டு வரைந்த படம் ஒன்றுகூட இல்லை. 2017-இல் 1080 டி.ஐ. வாங்கியவன் பல ஆண்டுகள் அதிலேயே உழைத்தான். 2024 டிசம்பரில் இண்டெல் நிறுவனம் 249 வெள்ளிக்கு, 12 கிகாபைட்டு நினைவகத்துடன் பி580 அட்டையைக் கொண்டுவந்தது. பயிலத் தொடங்குவோர்க்கு அது போதும். எனினும், வாய்ப்பந்தலின் கீழ் நிற்போர் பலருக்கு அது கண்ணில் படவில்லை. உச்ச அட்டையைப் பற்றிப் பேசுவதில் உள்ள பெருமிதம் எளிய அட்டையை வாங்குவதில் இல்லையன்றோ! காத்திருந்தோர்க்கு 2025-இன் இறுதி வேறு பரிசு தந்தது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, அவற்றின் விலை மளமளவென ஏறியது. அட்டையின் அடக்க விலையில் அதுவும் ஓர் உறுப்பு.

முன்னறிவிப்புச் செய்வோரைவிட முறையாக அளப்போரே வாங்குபவனுக்குத் துணை. அட்டையைக் கையில் வாங்கி, பல விளையாட்டுகளிலும் செயலிகளிலும் ஓட்டி, வெப்பமும் மின்செலவும் குறித்து, எண்களை அச்சிடும் நடுநிலைச் சோதனையாளர் சிலர் உளர். விற்பனை தொடங்குமுன் அவர்கள் முடிவு வெளிவந்தால் வாங்குபவன் கண் திறந்து வாங்குவான். அந்தச் சிறு காப்பும் இப்போது பறிபோகிறது. 2025 மே 19 அன்று, 299 வெள்ளி விலையில், 8 கிகாபைட்டு நினைவகத்துடன் ஆர்.டி.எக்ஸ். 5060 விற்பனைக்கு வந்தது. பெரும்பான்மை மக்கள் வாங்கக்கூடிய விலையில் உள்ள அட்டை அதுவே. அதனை இயக்கும் மென்பொருளை விற்பனை நாளுக்கு முன்னர்ச் சோதனையாளர் பெரும்பாலோர்க்கு என்விடியா வழங்கவில்லை. தேர்ந்தெடுத்த சிலர்க்கு, தான் குறித்த விளையாட்டுகளில், தான் குறித்த முறையில் முன்னோட்டம் பார்க்க மட்டும் இசைந்தது. அட்டை கடையில் அடுக்கப்பட்டது, பணம் கைமாறியது, அளவுகோல் பின்னர் வந்தது. அளந்து முடித்த எண்களைச் சோதனையாளர் வெளியிட்டபோது, வாய்ப்பந்தலின் கீழ்க் கூடியிருந்தோர் அடுத்த வரிசையின் விலையைப் பேசத் தொடங்கியிருந்தனர்.